பார்டரைப் போட்டது யார்?

சித்தப்பாவின் நாட்டுப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. உப்புநீர் பட்டுப் பட்டுத் திரை மங்கிப்போனதால், சில ஆண்டுகளாக அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருக்கிறார். பைக்கு வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அந்தத் திரையில் ஒரு கோடு ஓடுகிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இராமேசுவரத்திலும் அதற்குப் பார்டர் என்றுதான் பெயர். சர்வதேசக் கடல் எல்லைக்கோடு என்ற நீண்ட பெயர் செய்தித்தாளுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. காற்று பலமாக இருந்து படகுகள் கரையில் கிடந்த ஒரு நாளில், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இராமநாதபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் என்னிடம் அவர் கேட்டார்:

"தம்பி, நம்ம ஊர்ல வரப்புத் தகராறுன்னா சர்வேயர் வந்து அளந்து கல்லு ஊன்றாரு. அதுலயும் தகராறுன்னா தாசில்தார் இருக்காரு. ரெண்டு சர்க்காருக்கு நடுவுல இந்தக் கோட்டைப் போட்டது யாரு? அவுகளுக்கு மேல தாசில்தார் யாரு?"

சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் என்ற பாடத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்துத் தேறியவன் நான். அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே கேள்வியைத்தான் சுற்றிவருகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்படி ஒரு தாசில்தார் இல்லை என்று சொன்னேன். "அப்புறம் எப்படிடா சட்டம்?" என்றார். அன்று நான் திணறிச் சொன்ன பதிலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கும் முயற்சியே இந்தப் பதிவு.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு, அந்த நீதிமன்றம் எதை எடுத்துவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வரையறுக்கிறது. நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், சட்டம் என்று ஏற்கப்பட்ட வழக்கம், நாகரிக நாடுகள் ஒப்புக்கொண்ட பொதுவான சட்டக் கோட்பாடுகள் ஆகிய மூன்றும் ஊற்றுகள். தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும் துணைக்கு. ('நாகரிக நாடுகள்' என்ற சொல்லைப் படிக்கும்போது இன்றும் எவருக்கும் கொஞ்சம் கூசவே செய்யும். 1920-இல் முந்தைய உலக நீதிமன்றத்துக்காக எழுதிய வாசகத்தை 1945-இல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலுக்குள் யாரெல்லாம் வரமாட்டார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருப்பார்களோ, அவர்களுள் நம் முன்னோரும் உண்டு.) மூன்றாவது ஊற்று சிறியது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது, தீர்ந்த வழக்கைத் திரும்பக் கிளறக் கூடாது என்பது போன்ற, எல்லா நாட்டு நீதிமன்றங்களிலும் உள்ள விதிகளே அதில் வருகின்றன. விஷயம் முழுக்க முதல் இரண்டில்தான் இருக்கிறது. ஒன்று, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. மற்றது, கையெழுத்தே இல்லாமல் நடந்து நடந்து சட்டமானது.

இரண்டாவதைச் சித்தப்பாவுக்கு விளக்க நான் சிரமப்படவே இல்லை. பாக் விரிகுடாவில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்ற முறை அவர் நாடித்துடிப்பில் ஊறியது. இன்று மீன்வளத்துறை டோக்கன் கொடுத்து அதை நடத்தினாலும், அறுந்த வலைகளும் அதற்கான சண்டைகளும் பேச்சுகளும்தான் அதன் வேர். அதைவிடப் பழையது, எழுத்தில் எங்குமே இல்லாதது இன்னொன்று: முன்னதாக வலை விட்டவனுக்கு இடம் விட்டுத்தான் பின்னால் வந்தவன் வலை விட வேண்டும். மீறினால் போலீஸ் வராது. ஆனால் ஊர்க்கூட்டம் கேட்கும், மறுநாள் அவன் படகைக் கரையேற்ற ஒருவனும் கைகொடுக்க மாட்டான். கடலுக்குப் போகுமுன் எல்லோரும் துறையில் தேநீர் குடிப்பதும் வழக்கம்தான். ஆனால் ஒருவன் குடிக்காமல் போனால் யாரும் அவனைக் குற்றவாளி என்பதில்லை. சட்டமாகும் வழக்கத்துக்கும் வெறும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வடகடல் கண்டத்திட்டு வழக்கில் 1969-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் இதையே: நாடுகள் ஒரே விதமாக நடந்துவந்தால் மட்டும் போதாது, அப்படி நடப்பது சட்டக் கடமை என்ற உணர்வோடு நடந்திருக்க வேண்டும். அரசு விருந்தினரை வரவேற்கும் சடங்குகள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை மரியாதை, சட்டமல்ல.

வழக்கம் எப்படி ஒரு நீதிமன்றத்தின் கையில் சட்டமாகத் திரள்கிறது என்பதற்குப் பாடநூல்களெல்லாம் காட்டும் வழக்கு இரண்டு மீன்பிடிப் படகுகளைப் பற்றியது. 1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டபோது, கியூபாவின் ஹவானாவிலிருந்து மீன்பிடிக்கப் போயிருந்த பக்கேத்தே ஹவானா, லோலா என்ற இரு பாய்ப்படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. முதல் படகில் மூன்று பேர், இரண்டாவதில் ஆறு பேர். போர் வந்திருப்பதோ துறைமுகம் முற்றுகையிடப்பட்டிருப்பதோ அவர்களுக்குத் தெரியாது. படகில் இருந்தது மீன் மட்டுமே. இரண்டையும் பகைவரின் சொத்து என்று ஏலத்தில் விற்றுவிட்டார்கள். 1900 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி 1403-இல் பிறப்பித்த ஆணையில் தொடங்கி, ஐந்நூறு ஆண்டுக் காலம் போரிட்ட நாடுகள் ஒன்றுக்கொன்று கடற்கரை மீனவர்களை விட்டுவைத்த கதையை வரிசையாக அடுக்கி, கரையோர மீன்பிடிப் படகும் அதன் வலையும் மீனும் ஆட்களும் போரில் கைப்பற்றப்படலாகாது என்பது உலகச் சட்டமாகவே ஆகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஏலத்தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. முதல் படகுக்குக் கிடைத்தது 490 டாலர்.

இதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டது, "சண்டையில விட்டுட்டாங்க, சமாதானத்துல புடிக்கிறாங்களா?" என்று. சட்டம் தெரிந்தவன் இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறான்: அந்த வழக்கம் போர்க்காலத்துக்கானது, எல்லை தாண்டி மீன்பிடிப்பது வேறு. ஆனால் கேள்வியின் கூர்மை அந்தப் பதிலால் மழுங்குவதில்லை.

வழக்கம் உலகம் முழுமைக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாத்ரா, நாகர் ஹவேலி பகுதிகளுக்கு இந்திய நிலம் வழியாகச் செல்லும் உரிமை தமக்கு உண்டென்று போர்த்துகல் தொடுத்த வழக்கில், 1960-இல் சர்வதேச நீதிமன்றம், இரண்டே நாடுகளுக்கிடையிலும் நீண்டகாலப் பழக்கம் சட்டமாக முடியும் என்றது; தனிமனிதர்களும் சரக்குகளும் சிவில் அதிகாரிகளும் போய்வந்தது அப்படிப்பட்ட வழக்கம், படையும் ஆயுதமும் சென்றது அப்படியல்ல என்று பிரித்தும் காட்டியது. இன்னும் பின்னோக்கிப் போனால் தனுஷ்கோடி சாலையில் இருக்கும் கோதண்டராமர் கோயில் வரை போகலாம். தூதனாக வந்தவனைக் கொல்லலாகாது என்று அண்ணனிடம் வாதாடிய விபீடணன், பிறகு அண்ணனைப் பிரிந்து கடல் தாண்டி வந்து அடைக்கலம் பெற்றதாக நம்பப்படும் இடம் அது. தூதருக்குப் பாதுகாப்பு, அடைக்கலம் வந்தவருக்குப் பாதுகாப்பு என்ற இரண்டு கருத்துகளையும் ஒரே கதை சுமக்கிறது. முதலாவது 1961-இல் வியன்னா உடன்படிக்கையாக எழுதப்பட்டது. இரண்டாவதற்கான 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இதுவரை சேரவில்லை. ஆனாலும் 1983-க்குப் பிறகு கடல்வழி வந்த இலங்கைத் தமிழர்களுக்கு மண்டபம் முகாம் கதவைத் திறந்தது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கமாகவே எல்லா நாடுகளையும் கட்டும் என்ற வாதத்தை, ஒப்பந்தத்தில் சேராத நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் வைப்பது இதனால்தான்.

நம் கரைக்கு இந்தச் சட்டத்தின் வரலாற்றில் தனி இடமே உண்டு என்பதை நான் கல்லூரியில் கற்கவில்லை. பிறகு நானாகத் தேடிப் படிக்கையில்தான் கண்டேன். 1603-இல் சிங்கப்பூர் அருகே போர்த்துகீசியக் கப்பல் ஒன்றை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். அந்தக் கொள்ளையை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுதத் தொடங்கிய இளம் வழக்கறிஞர்தான் ஹ்யூகோ குரோஷியஸ். 1609-இல் வெளியான அவருடைய சிறு நூல், கடல் எவருக்கும் உடைமையாகாது என்று வாதிட்டது. கிழக்குத் தீவுகள் போர்த்துகலின் சொத்தாக முடியாது, சாவகத்துக்கும் இலங்கைக்கும் மொலுக்காவின் பல தீவுகளுக்கும் அவற்றுக்கென்று அரசர்களும் சட்டங்களும் எப்போதும் இருந்து வந்திருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கிறார். நல்ல வாதம்தான். கூலி கொடுத்தவர்கள் அதே டச்சுக்காரர்கள் என்பதையும், பின்னாளில் முத்துக்குளித்துறையில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துப் படிக்கும்போது மட்டும் வாய் கொஞ்சம் கசக்கிறது. ஆங்கிலேயரான ஜான் செல்டன் 1635-இல் கடலை மூடி உடைமையாக்கலாம் என்று எதிர்நூல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை கரைநாட்டுக்கு என்ற கணக்கு உருவாகி, அது மூன்று கடல் மைல் என்று நிலைத்தது. 1982 கடற்சட்ட உடன்படிக்கைக்குப் பிறகு பன்னிரண்டு.

ஆனால் கடலின் மேற்பரப்பு பொதுவாக இருந்தாலும், அதன் அடியில் கிடக்கும் சிப்பியும் சங்கும்? 1758-இல் சுவிட்சர்லாந்துக்காரரான வாட்டெல், பஹ்ரைனின் முத்துப் பார்களும் (சிப்பி படியும் கடலடித் திட்டுகள்) இலங்கையின் முத்துப் பார்களும் ஒருவரின் உடைமையாகலாம் என்பதை யார் சந்தேகிக்க முடியும் என்று எழுதினார். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி இறங்கியவர்களின் தொழில் ஐரோப்பியச் சட்டநூலில் ஓர் உதாரணமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிட நெருக்கமான ஒன்று நடந்தது. இராமநாதபுரம் அரசருக்குரிய பாக் விரிகுடாச் சங்குப் பார்களிலிருந்து சங்கு எடுத்தவர்கள்மீது திருட்டு வழக்குப் போடப்பட்டு, அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற பெயரில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் எடுத்தது எப்படித் திருட்டாகும், அது திறந்த கடலல்லவா என்பது கேள்வி. நீதிமன்றம், பாக் விரிகுடா ஏறக்குறைய முழுவதும் மன்னரின் ஆட்சி நிலங்களால் சூழப்பட்டிருக்கிறது, இரு கரை மக்களும் பல நூற்றாண்டுகளாக அதைத் தம் வசத்தில் வைத்திருக்கிறார்கள், எனவே எந்தப் பொருளிலும் அது திறந்த கடலாகாது என்றது. கடற்சட்டம் பற்றிய உலக நூல்களில், வரலாற்று விரிகுடா என்ற தலைப்பில் இந்த வழக்கு இன்றும் வருகிறது. முத்துப்பயல் என்ற பெயரை ஓர் ஆங்கிலப் பாடநூலின் அடிக்குறிப்பில் முதன்முதலாகக் கண்டபோது நான் சத்தமாகச் சிரித்தே விட்டேன். நூலகத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தத் தீர்ப்பில் நான் கவனிக்க விரும்புவது ஒன்று. பாக் விரிகுடா மன்னருடையது என்று நிறுவ நீதிமன்றம் காட்டிய சான்றுகளில் முதன்மையானது, மீனவரும் சங்கு குளிப்பவரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில். அவர்கள் மூச்சடக்கியது அரசின் உரிமையாகப் பதிவானது. சர்வதேசச் சட்டத்தில் இது விதிவிலக்கல்ல, இயல்பு: மக்கள் செய்வது, நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

ஒரே மன்னரின் கீழ் இருந்த விரிகுடா 1947-48-இல் இரண்டு நாடுகளுக்கு இடையில் வந்து நின்றது. மீன்பிடிக்கான ஒரு பிரிகோட்டை 1921-லேயே கொழும்பில் சென்னை, இலங்கை அதிகாரிகள் பேசியிருந்தாலும், எல்லையாக அது உறுதியாகவில்லை. 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று டில்லியிலுமாக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் சித்தப்பாவின் திரையில் ஓடும் கோட்டின் பிறப்பிடம். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கும் அந்த எல்லை, கச்சத்தீவை ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில் இலங்கைப் பக்கம் விட்டுப் போகிறது. அன்று மாலை இரண்டு பக்க அச்சுப்பிரதியைத் திண்ணையில் வைத்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை வந்துபோனபடியே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டு நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 'இதுவரை', 'மரபாக' என்ற இரண்டு சொற்களிலும் சித்தப்பா என்னை நிறுத்தினார். "மரபாங்கிறது நாங்கதானே?" என்றார்.

ஒப்பந்தம் என்ற ஊற்றின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. மீன்பிடிப்பது என்ற சொல் ஐந்தாவது பிரிவிலும் இல்லை, ஆறாவதிலும் இல்லை. மீன்பிடித்தல், யாத்திரை, கப்பற்போக்குவரத்து உரிமைகள் முழுதும் காக்கப்பட்டுவிட்டன என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னார். வலை உலர்த்தவும் ஓய்வெடுக்கவும் திருவிழாவுக்குப் போகவும் தீவுக்குச் செல்லலாமே தவிர, அதைச் சுற்றி மீன்பிடிக்கும் உரிமை அதில் அடங்காது என்பது பின்னாளில் இந்திய அரசின் நிலையாயிற்று. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்னவென்றால், 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் படகும் மீனவரும் மற்ற நாட்டின் வரலாற்று நீரிலோ கரையை ஒட்டிய ஆட்சிக்கடலிலோ, அதற்கும் அப்பால் மீன் போன்ற வளங்கள் மட்டும் கரைநாட்டுக்கு உரிய பொருளாதார மண்டலத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அந்தக் கடிதங்கள் சொல்கின்றன. நெருக்கடிநிலைக் காலம், தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டிருந்தது. இங்கே கருத்துக் கேட்கவும் ஆளில்லை.

"கடிதாசியா? ஒப்பந்தத்தைக் கடிதாசி மாத்துமா?" மாற்றும். ஒப்பந்தம், உடன்படிக்கை, நெறிமுறை, பரிமாறிய கடிதம் என்று பெயர் எதுவானாலும், கட்டுப்பட வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தால் அது ஒப்பந்தமே. கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான வழக்கில், அமைச்சர்கள் கையெழுத்திட்ட ஒரு கூட்டக் குறிப்பைக்கூட 1994-இல் சர்வதேச நீதிமன்றம் ஒப்பந்தம் என்றது. ஒப்புக்கொண்டதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும், உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது என்பதும் ஒப்பந்தங்களுக்கான விதிகளைத் தொகுத்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 26, 27-ஆவது பிரிவுகள். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை; ஆனாலும் அந்த இரு விதிகளும் நம்மைக் கட்டுகின்றன, ஏனென்றால் அவை எழுதப்படுவதற்கு முன்பே வழக்கமாக இருந்தவை. இரண்டு ஊற்றுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம் ஊரில் மேடைக்கு மேடை கேட்கும் வாதம் வேறொன்று: நாடாளுமன்றத்தில் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவராமல் தீவைக் கொடுத்தது செல்லாது என்பது. மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதி பற்றிய விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கத் திருத்தம் தேவை என்று கருத்துரைத்தது உண்மை. தீவு யாருடையது என்பதே தகராறில் இருந்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை, எல்லையை வரையறுத்தோம் என்பது மத்திய அரசின் பதில். டில்லியில் இந்த வாதத்தில் யார் வென்றாலும், அது இந்தியாவுக்கும் அதன் மக்களுக்கும் இடையிலான கணக்கு. கோட்டின் அந்தப் பக்கத்தை அது தானாகத் தொடாது. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கோடு போடாமலே இருந்திருக்க முடியுமா என்று நான் யோசித்ததுண்டு. மத்திய அமெரிக்காவில் ஃபோன்சேகா என்றொரு வளைகுடா இருக்கிறது. ஸ்பெயினின் ஒரே ஆட்சியில் இருந்து, பிறகு எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா என்ற மூன்று நாடுகளின் கரையாக மாறியது. மத்திய அமெரிக்க நீதிமன்றம் 1917-இலும் சர்வதேச நீதிமன்றம் 1992-இலும், கரையோர மூன்று மைல் பட்டையை விட்டு மற்ற நீர் மூவருக்கும் கூட்டுச் சொத்து என்று தீர்ப்பளித்தன. நம் விரிகுடாவின் வரலாறும் அதே அச்சில் வார்த்ததுதான். அங்கே பங்காளிகளாகவே இருந்துவிட்டார்கள், இங்கே பாகம் பிரித்துக்கொண்டோம். அங்கேயும் மீனவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரிப்பது ஒன்றே வழி என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

அப்படியானால் வழக்குப் போடலாமே? இங்கேதான் தாசில்தார் இல்லாததன் முழுப் பொருளும் விளங்கும். சர்வதேச நீதிமன்றத்தில் பதினைந்து நீதிபதிகள் இருக்கிறார்கள். ஆனால் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டாலன்றி அவர்கள் வழக்கைத் தொட முடியாது. இந்தியா 1974 செப்டம்பரில் கொடுத்த ஒப்புதல் அறிவிப்பிலும், 2019-இல் அதற்குப் பதிலாகக் கொடுத்ததிலும், காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை விலக்கியே வைத்திருக்கிறது. தன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது குறித்துப் பாகிஸ்தான் போட்ட வழக்கு 2000-இல் இந்த விலக்கினால்தான் தள்ளுபடியானது. இலங்கையும் காமன்வெல்த் நாடே. பாகிஸ்தானுக்கு எதிரே நமக்குக் கேடயமாக இருந்தது, பாக் விரிகுடாவில் நமக்கே கதவடைப்பாகிறது. ஒப்புக்கொண்ட இடத்தில் தீர்ப்பு வந்தால் நாடுகள் மதிக்கவும் செய்கின்றன: வங்கக் கடலில் தகராறிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ 2014 ஜூலையில் தீர்ப்பாயம் வங்கதேசத்துக்குக் கொடுத்தது, இந்தியா ஏற்றுக்கொண்டது.

வழக்காளியாக யார் நிற்பது என்பது அடுத்த சுவர். ஒரு நாடு தன் குடிமகனுக்காக வழக்கெடுக்கும்போது, அது தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது என்று 1924-இல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் அன்றைய உலக நீதிமன்றம் சொன்னது. சித்தப்பாவின் படகு பிடிபட்டால் சட்டத்தின் கண்ணில் புண்பட்டது இந்தியா. வழக்கெடுப்பதும் விடுவதும் சமாதானம் செய்வதும் இந்தியாவின் விருப்பம். தமிழ்நாட்டு அரசுகூட அந்த அவையில் ஒரு தரப்பு அல்ல. வெளிநாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது.

அதனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. 1999-இல் சைகா என்ற கப்பல் வழக்கில், ஹாம்பர்க்கில் உள்ள கடற்சட்டத் தீர்ப்பாயம், கடலில் ஒரு கலத்தைப் பிடிக்கும்போது இயன்றவரை பலப்பிரயோகம் தவிர்க்கப்பட வேண்டும், தவிர்க்க முடியாதபோதும் தேவைக்கு மேல் போகக் கூடாது, மனிதாபிமானம் மற்றச் சட்டத்துறைகளைப் போலக் கடலிலும் செல்லும் என்றது. எல்லை தாண்டியவன் மீதும் துப்பாக்கி நீட்ட வரம்பு இருக்கிறது. பொருளாதார மண்டலத்தில் பிடிபட்ட மீனவர்களைப் பிணையில் உடனே விடவும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது சிறையிலிடாமல் இருக்கவும் கடற்சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு சொல்கிறது. பாக் விரிகுடாவை இரு நாடுகளும் வரலாற்று நீராகக் கொண்டிருப்பதால் அந்தப் பிரிவை இங்கே நேரடியாகப் பொருத்த முடியாது. மனு எழுதும்போது நான் சறுக்கும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது. மரபு உரிமை என்று வாதாடும்போது, மரபில் இழுவை மடி உண்டா என்று யாழ்ப்பாணத்து மீனவர் கேட்பார். பாயும் தூண்டிலும் வழிவலையுமாகப் போனவர்களின் வழக்கத்தை, அடிமண்ணைச் சுரண்டி, சங்காயம் என்ற கழிவுமீன் வரை அள்ளிவரும் விசைப்படகு எப்படித் தன் பெயரில் கேட்கும்? இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அங்கே அறுபடும் வலைகளும் தமிழன் வலைகளே. சித்தப்பாவும் நாட்டுப்படகுக்காரர் என்பதால், இந்த இடத்தில் அவர் எனக்கு எதிராகப் பேசவில்லை.

இந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் சின்னம்மாவும் போக விரும்பினார். ஒப்பந்தத்தின் சொல்லுக்குப் பொருள் காணும்போது, அது கையெழுத்தான பிறகு இரு நாடுகளும் எப்படி நடந்துகொண்டன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐந்தாவது பிரிவில் மீனவருக்கும் யாத்திரிகருக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கொடுத்திருந்தாலும், போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தடைபட்டு மீண்டது யாத்திரிகரின் பாதி மட்டுமே. பெயர்ப் பதிவுக்கான ஆதார் நகல்களை ஒரு உறையில் போட்டு நான்தான் எடுத்துப்போனேன். அவசரத்தில் அந்தத் திண்ணை அச்சுப்பிரதியும் அதே உறைக்குள் கிடந்திருக்கிறது. மேசையில் இருந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஆதார் நகல்களைத் தனியே எடுத்துப் பின் குத்தி வைத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் நகர்த்தினார்.

"இது தேவையில்ல சார், எடுத்துக்குங்க," என்றார்.